குருட்டு ஓடு

1

இந்த மாதத்தோடு நான் இந்த பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருடம் முடிகிறது. காலையில் முதலாளி கிரெய்க் என்னைக் கூப்பிட்டு, பெயர் பின்னிய புது ஏப்ரன் ஒன்றைக் கொடுத்து, கடையில் இருந்த எல்லோரையும் கை தட்டச் சொன்னார். ‘ரெஜி’ என்று பின்னியிருந்தார்கள். ரெஜினா என்ற என் பெயரை இந்த ஊரில் முழுசாகச் சொல்பவர்கள் பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும்தான். கை தட்டினார்கள், நானும் சிரித்தேன், பிறகு ஆளுக்கொரு பக்கம் வேலைக்குத் திரும்பினோம். அப்போதிலிருந்து மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் சொன்னால், ‘மறுபடி அதையே ஆரம்பிக்காதே’ என்பார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆஸ்திரேலியா என்றதும் கடல் மேல் பாலமும் கிரிக்கெட் மைதானமும் உங்கள் ஞாபகத்துக்கு வரலாம். நான் இருக்கும் ஊரில் இரண்டும் கிடையாது. ஒரு பெரிய தெரு, ஒரு சர்ச், ஒரு ஆஸ்பத்திரி, அதைத் தாண்டினால் மாடு மேயும் வெளி. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருவில் நடந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கும். நான் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். கல் மண்டபத்துப் பக்கம் எங்கள் வீட்டுச் சந்தில் இரண்டு பேர் சேர்ந்து நடந்தால் எதிரில் வருபவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். ஹார்பருக்குப் போகும் டிரெய்லர் லாரிகளின் ஹாரன் இல்லாமல் தூங்கியதே கிடையாது. இங்கே வந்த புதிதில் நிசப்தம் தாங்காமல் ரேடியோவைப் போட்டுவிட்டுப் படுப்பேன்.

கணவர் ஜோசப் பண்ணைகளிலிருந்து பால் ஏற்றும் டேங்கர் ஓட்டுகிறார். அவர் தூத்துக்குடிக்காரர். நான் என் தம்பியோடு போனில் பேசுவதைக் கேட்டால், ‘இது என்ன பாஷை?’ என்று இன்னும் சிரிப்பார். மகள் நிவேதா ஆறு வயதில் எங்களோடு வந்தவள். இப்போது தமிழ் புரியும். பேசச் சொன்னால் வாயில் சூடான எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போல இரண்டு வார்த்தை பேசிவிட்டு இங்கிலீஷுக்குத் தாவிவிடுவாள். அவள் இங்கிலீஷ் எனக்குப் பாதி புரியாது. ஒரே வீட்டில் இப்படி இருக்கிறோம்.

2

இந்த ஊர்க்காரர்களுக்கு பை என்பது நமக்கு வடை மாதிரி. காலை பத்து மணிக்கு டீயோடு வேண்டும். மைதாவும் வெண்ணெயும் பிசைந்த மாவை வட்டமாகத் தேய்த்துத் தகரக் கிண்ணத்தில் பதித்தால் அது ஓடு. அதற்குள் கறியோ, முட்டையோ, எலுமிச்சைக் கூழோ நிரப்பிச் சுட்டால் பை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் ஒரு கிழவர் கறிப் பை வாங்கிக்கொண்டு, ‘மேலே கொஞ்சம் செத்த குதிரை போடும்மா’ என்றார். தக்காளி சாஸுக்கு இந்த ஊரில் விளையாட்டாக அப்படி ஒரு பெயர் உண்டு. எனக்கு எப்படித் தெரியும்? ‘சார், எங்கள் கடையில் மாட்டுக்கறி மட்டும்தான். குதிரை கிடையாது’ என்று பயந்துகொண்டே சொன்னேன். கடையே சிரித்தது. கிழவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நானும் அவர்களோடு சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து அழுதேன். சென்னையில் நான் கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதியவள். ஒரு நாளில் அத்தனை இங்கிலீஷ் கடிதம் பார்த்தவள். இங்கே சாஸ் தெரியவில்லை.

கடையில் எனக்குக் கொடுத்த வேலை ஓடு சுடுவது. கறிப் பைக்குப் பிரச்சினை இல்லை. முட்டையும் பாலும் ஊற்றும் பைக்கும், எலுமிச்சைப் பைக்கும் ஓட்டை முதலில் தனியாகச் சுட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அடி ஊறிப்போய் பச்சை மாவாகவே கிடக்கும். ஆனால் வெறும் ஓட்டை அப்படியே ஓவனில் தள்ளினால் நடுவில் உப்பிக்கொண்டு எழும், ஓரம் சரிந்து சுருங்கும். அதனால் அடியில் முள்கரண்டியால் குத்திவிட்டு, பட்டர் பேப்பரைக் கசக்கி விரித்து, அதன்மேல் காய்ந்த பயறை ஓரம் வரைக்கும் கொட்டி, அந்த பாரத்தோடு சுட வேண்டும். ஓரம் சிவக்க ஆரம்பித்ததும் பேப்பரோடு பயறைத் தூக்கி எடுத்துவிட்டு, அடி காய்வதற்கு இன்னும் கொஞ்ச நேரம். இதற்கு பிளைண்ட் பேக்கிங் என்று பெயர். ஏன் ‘பிளைண்ட்’ என்று கிரெய்க்கிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பயறு ஒரு வாளியில் இருக்கிறது. கிரெய்க்கின் அப்பா கடை நடத்திய காலத்தில் வாங்கியதாம். சுட்டுச் சுட்டு காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிட்டது. பேப்பரையும் ஒரு தடவை போட்டு எறிய மாட்டோம். உதறி, ஆறவிட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைப்போம். ஓரம் கருகி நொறுங்கினால்தான் குப்பைக்குப் போகும். அலுமினியத் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்போம். வெள்ளைக்காரர்கள் எல்லாவற்றையும் எறிந்துவிடுவார்கள் என்று நினைத்து வந்தவள் நான். பால் கவரைக் கழுவிக் காயவைத்து விற்ற வீட்டிலிருந்து வந்தவளுக்கு, இந்த ஊரில் முதன்முதலாக நிம்மதி கொடுத்தது அந்த வாளிதான்.

3

பெலிக்ஸ் என் தம்பி. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று ராயபுரத்தில் இருப்பவன் அவன் ஒருவன்தான். படிப்பு ஏறவில்லை. சின்ன வயதிலேயே பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பேக்கரியில் சேர்ந்துவிட்டான். பன், ரஸ்க், தேங்காய் பன், கிறிஸ்துமஸுக்கு பிளம் கேக். அவன் வீட்டுக்குள் நுழைந்தால் ஆளுக்கு முன்னால் வனஸ்பதி வாசனை வரும். சகாயமேரியைக் கட்டிக்கொண்டான், இரண்டு பெண் குழந்தைகள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேக்கரி முதலாளி இறந்ததும் பிள்ளைகள் கட்டிடத்தை ஜவுளி குடோனுக்கு விற்றுவிட்டார்கள். பெலிக்ஸ் மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் தினக்கூலிக்குப் போக ஆரம்பித்தான். மாவில் கிடந்த கை இரும்பில் பட்டு வெடித்துப்போனது. வீடியோ காலில் கையைக் காட்ட மாட்டான்.

எங்கள் கடையின் மூத்த பேக்கர் வயதாகி வேலையை விட்டு நின்றபோது கிரெய்க் பல மாதம் விளம்பரம் கொடுத்துப் பார்த்தார். விடியற்காலை வேலைக்கு இந்த ஊருக்கு யாரும் வரத் தயாராக இல்லை. ஒரு நாள் அவராகவே கேட்டார்: ‘ரெஜி, உன் தம்பி பேக்கர் என்று சொன்னாயே?’

அன்றைக்குக் கடையிலிருந்தே பெலிக்ஸுக்குப் போன் போட்டேன்.

“இன்னாக்கா, இந்நேரத்துல?”

“டேய், இங்க வேலைக்கு ஆள் கேக்குறாங்க. விசாவும் அவங்களே எடுப்பாங்க. ஆனா பை போடத் தெரியணும்.”

“பன்னு, ரஸ்க்கு, கேக்குனா சொல்லு, கண்ண மூடிகினு போட்டுத் தரேன். இது இன்னா பையி?”

“ஓட்ட மட்டும் தனியா சுடணும்டா. பிளைண்ட் பேக்கிங்னு பேரு. அது ஒண்ண நீ கத்துக்கினா போதும்.”

“பிளைண்டா? குருட்டு ஓடா?” என்று சிரித்தான். அவன் சிரித்து நான் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் அது குருட்டு ஓடுதான்.

வீட்டில் இருந்த சின்ன ஓவனில் பழக ஆரம்பித்தான். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வீடியோவில் கூப்பிடுவான். அங்கே காலை. ஜன்னல் வழியாக வெயில் அடித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் வெண்ணெய் உருகி ஓடியது. ராயபுரத்து வெயிலில் வெண்ணெய் எப்படி நிற்கும்? ஐஸ் தண்ணீரில் பிசையச் சொன்னேன். இரண்டாம் நாள் ஓடு சுருங்கிப் பாதியானது. தேய்த்ததும் சுடாதே, ஃபிரிஜ்ஜில் வைத்து ஆறவிடு என்றேன். மீனுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். அந்த ஓட்டைத் தின்று பார்த்த சின்னக் குழந்தை, ‘வவ்வால் மீனு வாசன வருதுப்பா’ என்றது.

பயறுக்குப் பதில் ரேஷன் அரிசியைக் கொட்டச் சொன்னேன். சகாயம் போனை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணி, சோத்துக்கு வெச்ச அரிசிய பேப்பர்ல கொட்டி நெருப்புல வெக்கச் சொல்றீங்களே. அப்பால அது வேவுமா?”

“வேகாதும்மா. ஆனா ஒரு டப்பால போட்டு வெச்சி, திரும்பத் திரும்ப இதுக்கே வெச்சிக்கலாம்.”

“வேவாத அரிசிய வூட்ல வெச்சிகினு இன்னா பண்றது?” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவளுக்கு அது பிடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து பெலிக்ஸ் கூப்பிட்டான். முகமெல்லாம் சிரிப்பு. “அரிசி வேணான்ட்டா இல்ல? நானு சக்கரையக் கொட்டினேன். பேப்பர் மேல. ஓடு சோக்கா வெந்துச்சு. சக்கரையும் வீணாவல. அதுலயே டீ போட்டுக் குடிச்சிகினு கீறோம்.”

அந்தச் சர்க்கரை லேசாகப் பழுப்பாகி, டீயில் போட்டால் கருகிய வாசனை வருமாம். பிள்ளைகள் அதையே கேட்டார்களாம். கிரெய்க்கிடம் சொன்னேன். அவர் மறுநாளே கடையில் செய்து பார்த்துவிட்டு, ‘இவனை எப்போது அனுப்பப் போகிறாய்?’ என்றார்.

பட்டர் பேப்பரை பெலிக்ஸ் துணி மாதிரி வைத்துக்கொண்டான். துடைத்து, மடித்து, அரிசி மூட்டைக்கு அடியில் வைத்து நிமிர்த்துவான். புதுப் பேப்பர் எடுப்பதற்கு மனசே வராது. ‘இன்னும் ரெண்டு வாட்டி தாங்கும்க்கா’ என்பான். நொறுங்கினால்தான் மாற்றுவான்.

4

கிரெய்க் வீடியோவில் பார்த்து முடிவு செய்வது என்று ஒரு நாள் குறித்தோம். பெலிக்ஸ் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தான். சகாயம் போனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெலிக்ஸ் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். மாவைத் தேய்த்தான், பதித்தான், குத்தினான், பழுப்பேறிய பேப்பரை விரித்தான், சர்க்கரையைக் கொட்டினான். ஓவனுக்குள் போன பிறகு அதன் முன்னாலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் ஓட்டைக் கையில் கவிழ்த்து, அடியை விரலால் தட்டிக் காட்டினான். காய்ந்த சத்தம் எங்களுக்கு இங்கே கேட்டது.

கிரெய்க் ஒன்றே ஒன்று கேட்டார். ‘அந்தப் பேப்பரை எத்தனை தடவை உபயோகித்திருக்கிறாய்?’ நான் தமிழில் சொன்னேன்.

“ஓரம் உதுர்ற வரிக்கும் சார்” என்றான்.

கிரெய்க் எங்கள் பயறு வாளியைக் காலால் தட்டிக் காட்டிச் சிரித்தார். ‘உன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வா’ என்றார். அதை நான் சொல்வதற்கு முன்பே பெலிக்ஸுக்குப் புரிந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ரொம்ப நேரம் கையைத் துடைத்தான்.

அன்றைக்கே பின்னறையில் கிடந்த பழைய சாமான்களை எடுத்துப் போட்டு, கட்டிலுக்கு இடம் செய்தேன். முதலில் அவன் வருவான், பிறகு சகாயத்தையும் குழந்தைகளையும் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. ஜோசப் ஹீட்டர் வாங்கி மாட்டினார். நிவேதா கதவருகில் நின்று பார்த்துவிட்டு, பாத்ரூமை மாமாவோடு பங்கு போட வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். அவள் வயதில் வேறு என்ன கேட்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

5

அதற்குப் பிறகு காகிதங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், பேக்கரி அடையாள அட்டையில் ‘ஏ. பெலிக்ஸ்’. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஒரு பிரமாணப் பத்திரம். நம் இனிஷியல் என்பதை இந்த நாட்டு ஃபாரத்தில் எந்தக் கட்டத்தில் எழுதினாலும் அது தப்பான கட்டமாகவே போய்விடுகிறது. அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டதில், என் தம்பி ஒரு மாதம் ‘மிஸ்டர் ஆரோக்கியம்’ ஆக இருந்தான். அப்பாவுக்கு வந்த மரியாதை என்று நாங்களே சிரித்துக்கொண்டோம்.

அனுபவச் சான்றிதழ்தான் பெரிய பேஜாராகிவிட்டது. அத்தனை வருடமும் சம்பளம் கையில்தான் வாங்கியிருக்கிறான். ரசீது கிடையாது. பழைய முதலாளியின் மகனைத் தேடி வண்ணாரப்பேட்டைக்கு நடையாக நடந்தான். கையெழுத்துப் போட்டால் ஏதாவது வரி விவகாரம் வருமோ என்று அந்த ஆள் பயந்தார். கடைசியில் அவருடைய அம்மா சொல்லிப் போட்டுக் கொடுத்தார். ஆனால் மூடிப்போன கடை, வெறும் கடிதம். எங்கள் விசா ஏஜென்ட் பார்த்துவிட்டு, ‘இதை அவர்கள் சந்தேகப்படலாம். அதிகாரி யாராவது போன் செய்து வேலையைப் பற்றிக் கேட்பார்கள். தயாராக இருக்கச் சொல்லுங்கள்’ என்றார்.

நான் தயார் செய்தேன். தினமும் போனில் இங்கிலீஷ் பாடம். மாவு, உப்பு, ஓவன் சூடு, ஈஸ்ட், எல்லாவற்றுக்கும் பெயர். ‘வாட் இஸ் பிளைண்ட் பேக்கிங்?’ என்று நான் கேட்பேன். ‘ஃபர்ஸ்ட் பேக் எம்ப்டி ஷெல், சார். பேப்பர், வெயிட், தென் ரிமூவ்’ என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். பக்கத்தில் பெரியவளும் சேர்ந்து சொல்வாள்.

போனை ஒரு நிமிஷம் கீழே வைக்க மாட்டான். மெட்ரோவில் ஏறினால் பூமிக்கடியில் சிக்னல் போய்விடும் என்று வண்ணாரப்பேட்டைக்குக்கூட பைக்கிலேயே போனான். குளிக்கப் போகும்போது சகாயத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போவான்.

அழைப்பு வந்தபோது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு டீக்கடையில் நின்றிருக்கிறான். டிரெய்லர்கள் வரிசையில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. பக்கத்துச் சந்துக்குள் ஓடி, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு பேசியிருக்கிறான். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டான். மூச்சு வாங்கியது.

“அக்கா, பேசிட்டேன். எல்லாத்துக்கும் கரீட்டா பதில் சொல்லிட்டேன். நல்ல மன்சன்க்கா. அப்பப்ப சிரிச்சிகினே பேசுனாரு. ட்ரான்ஸ்லேட் பண்ண ஆளு வேணுமான்னாரு. நோ சார்னுட்டேன்.”

“ஏன்டா வேணாம்ன?”

“இங்கிலீஸ் தெரியலன்னு எயுதிட்டா இன்னா பண்றது?”

அவன் சொன்னதும் சரிதான் என்று பட்டது. அன்று அந்தச் சந்தோஷத்தில் நான் ராயபுரம் ஸ்டைலில் மீன் குழம்பு வைத்தேன். இந்த ஊர் மீனில் அது வரவில்லை.

6

விசா கிடைக்கவில்லை.

ஏஜென்ட் போனில் படித்துச் சொன்னார். பேக்கரி வேலையின் அடிப்படையான ஒரு முறையைப் பற்றிக் கேட்டபோது விண்ணப்பதாரர் சம்பந்தமே இல்லாத பதில் சொன்னாராம். அதனால் அவர் சொல்லும் அனுபவத்தை நம்ப முடியவில்லையாம். எந்த முறை, என்ன பதில், அதெல்லாம் அதில் இல்லை. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்கலாம் என்றார். நான் மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிரெய்க் நல்லவர்தான். ஆனால் கடை காத்திருக்காது. ஏற்கெனவே இந்த நாட்டில் இருந்த ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார். நேபாளத்துக்காரர், அமைதியான மனிதர். அவருக்கு ஓடு சுடச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். அவர் மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முதல் மாதச் சம்பளம் வந்ததும் எனக்கு ஒரு சால்வை வாங்கி வந்து கொடுத்தார்.

பெலிக்ஸிடம் கேட்டேன். “அந்த ஆளு கேட்டதுல எதுனா புரியாம பதில் சொன்னியாடா?”

“எல்லாம் புரிஞ்சிதான்க்கா சொன்னேன்” என்றான். அப்புறம், “வுடுக்கா. நமக்கு கொடுப்பன இல்ல” என்றான்.

அதற்குமேல் பேச மாட்டேன் என்றான். கொஞ்ச நாளில் போன் எடுப்பதையும் குறைத்துக்கொண்டான். சகாயம்தான் எடுப்பாள். ‘யார்டுல ஓவர்டைம் அண்ணி’ என்பாள். யாரோ சம்பந்தமில்லாத காகிதத்தை அவன் ஃபைலோடு சேர்த்துவிட்டார்கள் என்றுகூட நினைத்தேன். ஆபீஸில் வேலை பார்த்தவள், இதெல்லாம் நடக்கும் என்று தெரியும். ஏஜென்டை நச்சரித்தேன். அவர் ஒரு கட்டத்தில் என் நம்பரைப் பார்த்தால் எடுப்பதை நிறுத்திவிட்டார். பின்னறையில் ஜோசப் மாட்டிய ஹீட்டர் அப்படியே இருக்கிறது.

7

போன டிசம்பரில் ஊருக்குப் போனோம். ஜோசப்புக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நிவேதாவும் மட்டும். அவள் வர விரும்பவில்லை. பள்ளி விடுமுறையில் தோழிகளோடு கடற்கரைக்குப் போவதாக இருந்தாள். நான் விடவில்லை.

ராயபுரத்தில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும்போது மணலி ரிஃபைனரி வாசனை இப்போதும் வருகிறது. நிவேதா முகத்தை மூடிக்கொண்டாள். பெலிக்ஸ் இளைத்திருந்தான். தோள் மட்டும் அகலமாகி, கழுத்து உள்ளே போயிருந்தது. பேச்சு குறைந்துவிட்டது. கேட்டால் பதில், அவ்வளவுதான். அந்த ஓவனை அவன் விற்கவில்லை. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்கள் அதற்குள் இருந்தன. கதவைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அவன் இப்போது டீக்கடையில் பன், பிஸ்கெட் எதுவும் தொடுவதில்லை என்று சகாயம் என்னிடம் தனியாகச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அவனுக்கு மத்தியான ஷிப்ட். வஞ்சிர மீன் குழம்பு. நிவேதா காரத்துக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனைப் பார்த்தபடி சாப்பிட்டாள். பேச்சு எதிலெதிலோ சுற்றிக் கடைசியில் அங்கே வந்து நின்றது. ஆரம்பித்தவள் சகாயம்தான்.

“அண்ணி வந்துகீறாங்க இல்ல, இப்பவாச்சும் சொல்லேன். அந்த ஆபீசரு அப்டி இன்னாதான் கேட்டாரு?”

“அத்த எதுக்கு இப்போ?”

“சொல்லுடா” என்றேன் நான்.

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்ல ஆரம்பித்தான். எத்தனை வருஷம் வேலை, எந்தக் கடை, மாவு எப்படிப் பிசைவாய், ஓவன் எத்தனை சூடு. கேட்டதையும் சொன்னதையும் வரிசையாகச் சொன்னான். ஒன்றுகூடத் தப்பில்லை.

“அப்பால கடைசியா, ராத்திரில வண்டி ஓட்டுவியான்னு கேட்டாரு. அவ்ளோதான்.”

“வண்டியா? இன்னாத்துக்குடா வண்டி?”

“பேக்கரி வேல விடியறதுக்கு முன்னாடி இல்ல? இருட்டுல வரணுமே, அதுக்கு. ‘டூ யூ ப்ளாய்ண்ட் பைக்’னாரு. கண்ணு தெரியாத இருட்டுல பைக் ஓட்டுவியான்னு. நானு, ‘யெஸ் சார், ஐ-சைட் வெரி குட், லைசென்ஸ் ஆல்சோ ஹேவ்’னேன். அவரு மறுக்கா அதையே கேட்டாரு. நானும் மறுக்கா அதையே சொன்னேன். ஓகேன்னு வெச்சிட்டாரு.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. பத்து வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். இவர்கள் வாயில், நிவேதா வாயிலும், ‘பேக்’ என்பது ‘பைக்’ என்றுதான் விழும், ‘பைக்’ என்பது ‘பாய்க்’ ஆகிவிடும். என் காதுக்குப் பழகிவிட்டது, கேட்கும்போதே மாற்றிக்கொள்கிறது. அவன் அதுவரை இந்த நாட்டுக்காரர் பேசிக் கேட்டதெல்லாம் கிரெய்க் பேசிய இரண்டு வார்த்தைதான். நான் பாடம் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ் ராயபுரத்து இங்கிலீஷ்.

வாயைத் திறக்கக் கூடாது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னோம், கொடுப்பனை இல்லை என்று அவன் நினைத்துக்கொண்டிருப்பதே போதும். தண்ணீர் எடுக்கப் போவது போல எழுந்தேன்.

அப்போது நிவேதா சிரித்தாள். போனிலிருந்து தலையைத் தூக்கி, நிஜமான சிரிப்பு. வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததே இல்லை.

“ஓ நோ! பைக், மாமா! பைக்!”

“அதான் கண்ணு, பைக்” என்றான் பெலிக்ஸ். அவனும் அவளுக்காகச் சிரித்தான்.

“நோ நோ. பாய்க் இல்ல மாமா. பைக்! கேக் எல்லாம் பண்ணுவாங்க இல்ல? பைக்!” என்று கையால் ஓவன் கதவைத் திறந்து மூடுவது போலக் காட்டினாள். ஒரு சொல்லைத் தமிழில் விளக்கிவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

பெலிக்ஸ் அவள் கையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

“அக்கா?”

நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம். என் முகத்திலேயே அவன் பார்த்துவிட்டான்.

“குருட்டு ஓடா?”

“ஆமாண்டா.”

அவன் நிவேதா பக்கம் திரும்பினான். “அவரு கேட்ட மாரியே முழுசா சொல்லு கண்ணு.”

அவள் சொன்னாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.

“இன்னொரு வாட்டி.”

மறுபடியும் சொன்னாள். குரல் இறங்கிவிட்டது. பெலிக்ஸ் தலையைச் சாய்த்து, ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு கேட்டான். போனில் பேசும்போது சந்துக்குள் அப்படித்தான் நின்றிருப்பான். கேட்டுவிட்டு விரலை எடுத்தான்.

“அப்போ எனக்குத் தெரிஞ்சதத்தான் கேட்டுகீறாரு” என்றான்.

சகாயம் குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவனையே பார்த்தாள். அவன் தட்டில் மீன் அப்படியே இருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினான். யார்டு சட்டையை மாட்டிக்கொண்டு ஹெல்மெட்டை எடுத்தான். வாசலில் நின்று, “பாப்பா காரம் துன்ன மாட்டேங்குது, அதுக்குத் தயிரு போடு” என்று சகாயத்திடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

நிவேதா என் பக்கத்தில் நகர்ந்து வந்து உட்கார்ந்தாள். “அம்மா, நான் தப்பா சொல்லிட்டேனா?” என்று தமிழிலேயே கேட்டாள். அவள் எனக்காகத் தேடித் தேடி அந்த வார்த்தைகளை எடுத்து வைத்தது தெரிந்தது.

“இல்லம்மா” என்றேன். “சரியாத்தான் சொன்ன.”

சகாயம் தயிர்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து அவளுக்கு முன்னால் வைத்தாள். பிறகு பெலிக்ஸின் தட்டை எடுத்து, இன்னொரு தட்டால் மூடி, அடுப்படிக்குக் கொண்டு போனாள்.